முந்தின பக்கத்தைத் திருப்பு

அன்புள்ள மகளுக்கு,

கவர் மேல தாத்தா கையெழுத்தைப் பாத்துட்டு ஆசையா பிரிச்சிருப்ப. முகவரி மட்டும்தான் அவர் எழுதினது, உள்ள இருக்கிறது நான். என் எழுத்தைப் பாத்தா பிரிக்காமயே குப்பையில போட்டுடுவன்னு தெரிஞ்சுதான் இந்த வேலை பண்ணினேன், இதுல எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல. இங்க எல்லாரும் உசுரோட இருக்கோம். நீயும் உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும்னு ஆண்டவன்கிட்ட கேட்டுக்கிட்டேன், உன்கிட்ட நேரா கேக்கத்தான் மனசு வரல. நாலு தடவ போன் பண்ணினேன், எடுக்கல. மாமா நம்பரு, சித்தப்பா நம்பரு, என் நம்பரு எல்லாத்தையும் அடைச்சு வெச்சிருக்கியாமே. கதவை அடைக்கலாம், தபால்காரரை அடைக்க முடியாதுல்ல. அதுவும் இல்லாம போன்ல பேசினா நீ குறுக்க குறுக்க பேசுவ, காயிதத்துல அந்தத் தொல்லை இல்ல, நான் முடிக்கிற வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆகணும்.

உங்கம்மா கண்ண மூடினப்ப உனக்கு மூணு வயசு. அன்னியிலேருந்து உன்னைத் தூக்கி வளர்த்தவங்கிற உரிமையில கேக்கறேன், உன்னை யாரு இந்த ஆராய்ச்சி பண்ணச் சொன்னா? ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குத்தானே அனுப்பினோம், ஊரார் எலும்பைப் படம் புடிச்சது பத்தாதுன்னு செத்துப்போன உன் கொள்ளுத்தாத்தா கேப்டன் எலும்பையும் தோண்டணுமா? அந்தக் காலத்து சர்க்கார் கெஜட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல வந்திருக்குன்னியே, பட்டாளத்துல யாரை எந்தப் பதவியில போட்டாங்க, யாரை எப்ப எடுத்தாங்கன்னு வாராவாரம் அச்சடிச்சது, அதுல நம்ம கேப்டன் பேரைத் தட்டிப் பாத்தன்னு சொன்னப்ப நான்கூட சந்தோஷப்பட்டேன். நீ பண்ணினது என்ன? ஒரு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, சிவப்புல வட்டம் போட்டு, குடும்பக் குரூப்புல போட்ட. கேப்டன் பேரு, பதவி, ஒரு தேதி. அதுக்கு அடியில பட்டை எழுத்துல வேலையிலேருந்து நீக்கப்பட்டவர்கள்னு ஒரு தலைப்பு. இத்தனை வருஷமா நாம பெருமை பேசினவரை வேலையை விட்டே தூக்கியிருக்காங்க, இதோ ஆதாரம்னு எழுதி, கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சி. அந்த மூஞ்சியை எதுக்குடி போட்ட? அதை மட்டும் சொல்லு. மத்ததெல்லாம்கூட அறியாமன்னு விடலாம், அந்த மூஞ்சியைத் தேடி எடுத்துத்தானே போட்டிருப்ப.

அன்னிக்கு நாங்க எல்லாரும் சாப்பிட உக்காந்திருந்தோம். உங்க வாத்தியார் மாமாவுக்கு எதைப் பாத்தாலும் சத்தமாப் படிச்சாகணும், ரிட்டயர் ஆகியும் அந்த வியாதி போகல. படிச்சார். தாத்தாவுக்குக் காது கேக்கலன்னதும் ரெண்டாவது தடவ படிச்சார். மூணாவது தடவ அவர் போட்ட சத்தத்துல எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழ வெச்சுட்டு எட்டிப் பாத்தார். எனக்கு உன் மேல இருக்கிற கோபத்துல பாதி அண்ணன் மேல, அதை அவர்கிட்ட நேர்லயே குடுத்துட்டேன், ஒரு வாரமா நாங்க பேசிக்கறதில்ல. தாத்தா கையைக் கழுவிட்டு வந்து கூடத்துல மாட்டியிருந்த கேப்டன் படத்தை இறக்கி, கண்ணாடியைத் துடைச்சு, துணியில சுத்தி பீரோவுக்குள்ள வெச்சார். ஆறு வயசுல அப்பனைப் பறிகொடுத்த மனுஷன். அப்பனைப் பத்தி அவர்கிட்ட இருந்ததே ரெண்டு விஷயம்தான், அந்தப் படம் ஒண்ணு, உங்க கொள்ளுப்பாட்டி சொன்ன கேப்டங்கிற வார்த்தை ஒண்ணு. தபாலாபீஸ்ல முப்பத்தாறு வருஷம் முத்திரை குத்தினவர், அந்த வார்த்தையைச் சொல்லி யாரையும் ஒரு உதவி கேட்டவர் இல்ல, சும்மா நெஞ்சுக்குள்ள வெச்சிருந்தார். அதுல போய் நீ வட்டம் போட்ட.

இதோட போயிருந்தா நான் இவ்வளவு எழுத மாட்டேன். பட்டாளத்துக்காரங்க சங்கத்துல புதுசா கட்டின ஹாலுக்குள்ள ஒரு கல்லு பதிக்கறாங்க, யுத்தத்துக்குப் போனவங்க பேரெல்லாம் வெட்டப்போறாங்கன்னு போன வருஷமே சொன்னேனே, மூணாவது வரிசையில நம்ம கேப்டன் பேரு இருந்துச்சு. நீ அந்தத் துண்டைப் போட்ட மறுநாள் காலையில தாத்தா வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாம, சங்கத்துக்கு நடந்தே போயிருக்கார். செயலாளரை உனக்குத் தெரியும், சின்ன வயசுல மீசைக்காரர்னு பயப்படுவியே, அவர்கிட்ட ஒரு காயிதம் எழுதிக் குடுத்திருக்கார். எங்கப்பா வேலையிலேருந்து நீக்கப்பட்டவர்னு தெரியவந்திருக்கு, தகுதி உள்ளவங்க நடுவுல அவர் பேரு வேண்டாம், எடுத்துடுங்கன்னு. கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு. மீசைக்காரர் வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னார். ஏங்க, உங்கப்பா இப்படி எழுதறாரே, நான் என்ன செய்யங்கறார். நான் என்ன சொல்ல? எங்க வீட்டுப் பொண்ணு படிச்சவ, அவ சொல்லிட்டான்னா சொல்றது?

அதான் நானே கெளம்பினேன். எட்டாங்கிளாஸ் படிச்சவளுக்கு அங்க என்ன வேலைன்னு உங்க சித்தப்பா கேட்டார், பன்னெண்டுக்கு மேல படிச்சவங்க பண்ணினதைத்தான் பாத்தேனேன்னு சொல்லிட்டு ரெண்டு பஸ் மாறிப் போனேன். பழைய ஆவணமெல்லாம் வெச்சிருக்கிற ஆபீஸு மூணாவது மாடியில இருக்கு, லிப்ட்டுக்குள்ள உடைஞ்ச நாற்காலியா அடுக்கி வெச்சிருக்கான். வாசல்ல இருந்த ஆளு, என்ன வேணும், வீட்டுப் பத்திரமான்னு கேட்டான். கெஜட்டுன்னேன். ஏற எறங்கப் பாத்துட்டு, அதெல்லாம் ஆராய்ச்சி பண்றவங்களுக்குங்கறான். அப்ப நான் என்ன காத்து வாங்கவா மூணு மாடி ஏறி வந்தேன்னு கேட்டேன். உள்ள ஒரு அம்மா, கழுத்துல கயிறு கட்டிக் கண்ணாடி தொங்கும், நல்ல பொம்பள, ஆண்டவன் அவளைக் குறையில்லாம வெக்கணும். உன் துண்டைப் போன்ல காட்டினேன். பாத்தா. ஒரு நிமிஷம் ஆகல. அம்மா, இந்தக் கெஜட்டுல தலைப்பு மேல வரும், பேரெல்லாம் அதுக்குக் கீழ வரும். உங்க தாத்தா கேப்டன் பேரு இந்தத் தலைப்புக்கு மேலதானே இருக்கு, அப்ப அவர் இதுல சேர்த்தி இல்லம்மா, இதுக்கு முந்தின தலைப்புல சேர்த்தின்னா.

படிச்சியாடி? திரும்பப் படி. உங்க மாமா மாதிரி மூணு தடவ சத்தமாப் படி. பட்டியல்ல மேல எது கீழ எதுன்னு எம் பொண்ணுக்குத் தெரியல. கம்ப்யூட்டர் அந்த வரிக்கு நேராக் கொண்டுபோய் நிறுத்திச்சு, நீ கண்ணுல பட்ட தலைப்பை எடுத்து அவர் தலையில கட்டிட்ட. பாதி படத்தை வெச்சுக்கிட்டு ஒருத்தன்கிட்ட போய் உன் கால் ஒடைஞ்சிருக்குன்னு சொல்லுவியா நீ, உன் வேலையில?

எனக்கு அங்கயே கத்தணும் போல இருந்துச்சு, சந்தோஷத்துலதான். ஆனா அந்தம்மா, இருங்க, இது பக்கத்தோட முதல் வரி, அவர் தலைப்பு முந்தின பக்கத்துலதான் இருக்கும், பாத்துடலாம்னு அந்த வருஷத்துப் புஸ்தகத்தை எடுத்துட்டு வந்தா. ரெண்டு கையாலயும் தூக்கற கனம். பிரிச்சா, அந்தப் பக்கம் இல்ல. கிழிஞ்சு போயிருக்கு, தையல் ஓரத்துல பல்லு பல்லா கொஞ்சம் காயிதம் ஒட்டிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். அதே புஸ்தகத்துல முந்தின மாசத்துப் பக்கத்துல கேப்டன் பேரைக் கண்டுபிடிச்சுக் குடுத்தா. அவர் அசல் பதவி லெப்டினன்ட். அவங்க பட்டாளக் கம்பெனியில மேல இருந்தவர் சண்டையில விழுந்துட்டார், அதனால இவரைத் தற்காலிகமா கேப்டனாப் போட்டிருக்காங்க. அந்தத் தேதிக்கும் உன் துண்டுல இருக்கிற தேதிக்கும் நடுவுல நாப்பத்தொரு நாள். அந்தம்மா சொன்னது இதுதான், நல்லாக் கேட்டுக்க. காணாமப்போன பக்கத்துல ரெண்டுல ஒரு தலைப்புதான் இருக்கும். தற்காலிகப் பதவியைத் திருப்பிக் குடுத்தவங்கன்னு இருந்தா, புது ஆளு வந்ததும் இவர் மரியாதையாத் தன் இடத்துக்குத் திரும்பினார்னு அர்த்தம், அது எல்லாருக்கும் நடக்கிறதுதான். தண்டனையாப் பதவி இறக்கப்பட்டவங்கன்னு இருந்தா அது வேற. சில வாரம் இது முன்னால வரும், சில வாரம் அது முன்னால வரும், பக்கத்தைப் பாக்காம என்னால சொல்ல முடியாதும்மா, இங்க அந்தக் கம்ப்யூட்டர் வசதியும் இல்லன்னுட்டா.

மூணு மாடியும் இறங்கி வந்து பஸ்ஸுக்கு நிக்கறப்ப, தாத்தாகிட்ட நல்ல பாதியை மட்டும் சொல்லிடலாமான்னு நெனச்சேன். ஆண்டவன் மன்னிக்கணும். வீட்டுக்கு வந்து அவர் முகத்தைப் பாத்ததும் முழுசும் சொல்லிட்டேன், அவர் விட்டாத்தானே, எந்தப் பக்கம், என்ன தேதி, யார் சொன்னாங்கன்னு தந்தி வாங்கற மாதிரி ஒவ்வொண்ணா வாங்கினார். நாப்பத்தொரு நாளான்னு கேட்டார். ஆமாங்கப்பான்னேன். அம்மா எங்கிட்ட நாளைச் சொல்லவே இல்லையேன்னார். அப்புறம் ரொம்ப நேரம் விரல்ல எதையோ எண்ணிக்கிட்டே இருந்தார். உன் மேல அவருக்குக் கோபம் வரும்னு பாத்தேன். புள்ள தேடினது தப்பில்லம்மா, ஒரு பக்கம் திருப்பல, அவ்வளவுதானேங்கறார். அவருக்குக் கோபம் இல்ல. அதனால அவர் பங்கையும் சேத்து நானே படறேன்.

மீசைக்காரர் உன் தாத்தா குடுத்த காயிதத்தை இன்னும் கமிட்டியில வெக்கல, மேஜைக்குள்ள வெச்சிருக்கார். அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி கல்லுல பேரு வெட்டறவர் வர்றார். அன்னிக்குக் காலைக்குள்ள அந்தப் பக்கத்தோட நகல், முத்திரையோட, கையில வந்து, அது நல்ல தலைப்பா இருந்தா கேப்டன்னே வெட்டறேன், நாப்பத்தொரு நாள்னாலும் கேப்டன் கேப்டன்தான், வரலன்னா உங்கப்பா எழுதிக் குடுத்தபடிதான்னு சொல்லிட்டார். அந்தக் கெஜட்டு முழுசா இருக்கிறது நீ இருக்கிற ஊரு பெரிய நூலகத்துலதான்னு அந்தம்மா சொன்னா. உன் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தெரு தள்ளி, அங்கதான் ஞாயித்துக்கிழமையில உக்காந்து படிக்கறேன்னு நீயே பெருமை அடிச்சிருக்க. போ. கம்ப்யூட்டர்ல வேண்டாம், புஸ்தகத்தை எடுக்கச் சொல்லி, உன் கையால முந்தின பக்கத்தைத் திருப்பு. நகல் எடுத்து அங்க இருக்கிறவங்ககிட்ட முத்திரை வாங்கு. முத்திரை இல்லாததைத் தாத்தா தொட மாட்டார், அது உனக்கே தெரியும்.

கெட்ட தலைப்பா இருந்தா எனக்கு மட்டும் தனியா எழுது, நான் பக்குவமாப் பாத்துக்கறேன்னு மேல எழுதியிருந்தேன். முதல் பக்கத்து ஓரத்துல மை போட்டு அடிச்சிருக்கேனே, அதுதான். தாத்தாகிட்ட அதைப் பத்தி ஜாடையாக் கேட்டேன். எங்கப்பாவைப் பத்தின தபால் எனக்குத்தாம்மா வரணும், பிரிக்காம வரணும்னுட்டார். எது இருந்தாலும் அவரே சங்கத்துக்குப் போய்ச் சொல்லிக்குவாராம். அதனால எம் பேருக்கு அனுப்பாத, அவர் பேருக்கு அனுப்பு. நான் பக்கத்துல நிப்பேன், பிரிச்சுக்கூடக் குடுக்க மாட்டேன்.

வேற விசேஷம் ஒண்ணும் இல்ல. சித்தப்பாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கு, மொட்டைமாடித் தொட்டி மறுபடியும் ஒழுகுது, உன் ரூம் ஜன்னல்கிட்ட சுவரெல்லாம் ஊறிக் கிடக்கு, உன் பெட்டிகளை நகத்தி வெச்சிருக்கேன். காலையில எதையாவது தின்னுட்டு வேலைக்குப் போ, வெறும் வயித்துல டீயைக் குடிச்சுக் குடிச்சுத்தான் உனக்கு இந்த அவசர புத்தி. குளிருக்குக் காதை மூடிக்க. மாமா பேசினது அதிகம்தான், நானும் நீ நம்பரை அடைக்கறதுக்கு முன்னால போன்ல சொன்ன ஒரு வார்த்தை, உங்கம்மா இருந்திருந்தான்னு ஆரம்பிச்சேனே, அது நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா சிரிக்கிற மூஞ்சியை நான் மன்னிக்கல, அதை நேர்ல வந்து கேளு.

தீர்க்காயுசா, நோய் நொடி இல்லாம, நல்ல புத்தியோட இருன்னு ஆண்டவனை வேண்டிக்கறேன், கடைசிதான் முக்கியம். இன்னிக்குத் தேதி இருபத்தஞ்சு. இந்தக் கவர் உங்கிட்ட வர பத்து நாள், உன் கவர் இங்க வர பத்து நாள், நடுவுல உனக்கு மூணே நாள்தான்னு தபாலாபீஸ்காரர் கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னார். படத்தை மறுபடியும் மாட்டலாமாப்பான்னு கேட்டதுக்கு, புள்ள தபால் வரட்டும்னார். நீ அனுப்புவியா மாட்டியான்னு எனக்குத்தான் சந்தேகம். அவருக்கு இல்ல.

இப்படிக்கு,
கோபம் ஆறாத, உன்னை வளர்த்த
சின்னம்மா