காதில் விழாததும் போட்டுக்கொள்ளாததும்

ஐப்பசி 9, செவ்வாய். இரவு.

உடம்பு அசந்து கிடக்கிறது, தூக்கம்தான் வரவில்லை. சாயங்காலம் இவர் ஓட்டும் பஸ்ஸின் கண்டக்டர் முருகன் வீட்டுக்கு வந்தான். இவர் குளித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இன்னைக்கு அம்பாசமுத்திரத்துல ஒரு அம்மா இறங்கி முடிக்கதுக்குள்ள அண்ணாச்சி வண்டிய எடுத்துட்டாக. நிறுத்தச் சொல்லி விசில் மேல விசில் அடிச்சேன், அவுக காதுல விழல. அந்த அம்மா கீழ விழுந்து முழங்கால்ல சிராய்ப்பு. நல்லவேளை, அதோட போச்சு. காதும் காதும் வச்ச மாதிரி டாக்டர்ட்ட காட்டிருங்க."

அவன் போன பிறகு, இவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், கிழிந்த தலையணை உறையைத் தைக்க எடுத்தேன். இவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "இந்த ஊசிக் காதுல நூலக் கோத்துத் தாங்க" என்றேன். இவர் திரும்பவில்லை. தோளைத் தொட்டு ஊசியைக் கொடுத்தேன். ஒரே தடவையில் கோத்துத் தந்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

முகத்துக்கு நேரே நின்று கேட்டேன்.

"ஒரு வருசமா சரியா கேக்கல" என்றார். "ரிட்டையர் ஆக எட்டு மாசந்தான். எப்படியாவது ஓட்டிரலாம்னு பாக்கேன்."

"நாளைக்கு டிப்போவுல நீங்களே சொல்லுங்க. இல்லன்னா நான் போயி சொல்லுவேன்."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சொல்லுதேன்" என்றார்.

இந்த ஒரு வருடமும் அடுப்படியிலிருந்து, "நான் சொல்லுதது எதையும் காதுல போட்டுக்கிட மாட்டீங்க" என்று எத்தனை தடவை ஏசியிருப்பேன். ஒருநாள்கூட இவர் பதில் பேசியதில்லை. அந்த ஏச்சும் காதில் விழுந்திருக்காது.