நீட்டிய விரல்

கண்ணு சிஸுரு,

நீ லீவு போட்டு ஓடிவர வேண்டாம். அப்பா இன்று பேசிவிட்டார்.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியது முதல் வாயே திறக்காமல், தான் ஓட்டிய நம்மூர்க் கம்பெனியின் ஒற்றைப் பெட்டி ரயில் வீட்டுக்குப் பின்னால் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் மிசோ சூப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனவள் அதை மறந்தே போனேன். பொங்கிய வாசனைக்கு ஓடிவந்தால், அப்பா அடுப்பை நோக்கி விரலை நீட்டியபடி நிற்கிறார். ரயில் ஓட்டும்போது ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டிக்காட்டி, "சரி" என்று உரக்கச் சொல்வாரே, அதே குரல்.

"அடுப்பு... அணைச்சாச்சு. சரி."

"இது வீடுங்க, உங்க ரயில் இல்ல" என்று எத்தனை வருஷம் திட்டியிருப்பேன். இன்று நானும் அவரை நோக்கி விரலை நீட்டினேன்.

"என் வீட்டுக்காரர்... வந்து சேர்ந்தாச்சு. சரி."

சிரித்தார். கொஞ்சம் கோணல்தான். எனக்கு அது போதும்.

அம்மா