நீ இல்லாமல் ஊட்டிக்குப் போய்வந்தேன், தனம்

என் செல்லத் தனத்துக்கு,

செல்லம் என்று எழுதியதைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாய். இருந்தவரைக்கும் ‘ஏ தனம்’, ‘எங்கடி போன’ என்பதைத் தவிர வேறு எப்படி உன்னைக் கூப்பிட்டேன்? இப்போது உன் காதில் விழாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஊட்டிக்குப் போய்வந்தேன். ஆமாம், நானேதான். ஆடி கழியட்டும், முகூர்த்தப் புடவையெல்லாம் முடியட்டும் என்று உனக்குத் தவணை சொல்லிக்கொண்டே இருந்த அதே ஆள். மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நிற்குமே, அப்போதாவது போகலாம் என்று கேட்டாய். “மழையில எவனாவது குளிருற ஊருக்குப் போவானா? பைத்தியமா உனக்கு?” என்று வாயை அடைத்தேன். உன்னைக் கூட்டிப்போகாமல் இருக்க எனக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நம் வீட்டுக்கு வந்த அந்த ஊட்டிக்கார அம்மாள், எங்கள் ஊரில் காலையில் பேசினால் வாயிலிருந்து புகை வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குப் பிடித்தது உனக்குப் பைத்தியம். “ஒரே ஒரு வாட்டி மாமா. என் வாயிலருந்து புகை வர்றதப் பாத்துட்டு வந்துடலாம்.” எத்தனை வருடம் கேட்டாய்?

என்னைக் கிளப்பிவிட்டது நம் செல்விதான். நீ போன பிறகு கோர்வைப் புடவையே வேண்டாம் என்று நெசவாளர் சங்கத்தில் சொல்லிவிட்டேன். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டுமே. நீ இல்லாத இடத்தில் யாரை உட்கார வைப்பது? ஒற்றை ஆளாக நெய்கிற சாதாப் புடவையாகவே வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒருநாள் காலையில் எழுந்து வந்து பார்த்தால், உன் இடத்தில் நாடாவோடு செல்வி உட்கார்ந்திருக்கிறாள்.

“எழுந்திருடி! அது உங்கம்மா இடம்!” என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

அவள் அழவில்லை. உன் மகளாயிற்றே. “எங்கம்மா இடம்னு எனக்குத் தெரியாதா நைனா? அம்மாதான் எனக்குக் கரை போடச் சொல்லிக் குடுத்துச்சு. ஏழு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்குற. மொதல்ல அம்மா கேட்ட ஊருக்குப் போய்ட்டு வா. வந்து சொல்லு, நான் உக்காரலாமா வேணாமான்னு” என்றாள். என் வேட்டி சட்டையை அவளே மடித்துப் பையில் வைத்தாள். நீ பனிக்காலத்தில் போர்த்திக்கொள்வாயே, அந்தப் பச்சைச் சால்வையையும் வைத்தாள். வந்து பதில் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அரக்கோணத்தில் ரயில் பிடித்து, மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு மாறினேன். கரி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு மேலே ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் பெட்டியிலிருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள அவர்களுக்கு ஆள் இருந்தது.

மறுநாள் காலையில் சந்தைக்குப் போனேன். வெள்ளைக்காரன் காலத்துச் சந்தையாம். நம் ஊர் ராஜ வீதிக் கூட்டமெல்லாம் அதன் ஒரு மூலைக்குக் காணாது. காரட்டும் முட்டைக்கோசும் மலைப்பூண்டும் குவிந்து கிடக்க, அத்தனைக்கும் மேலே தைல வாசனை. ஒரு பூண்டுக்காரரிடம் வழி கேட்க வாயைத் திறந்தேன். புகை வந்தது, தனம். நிஜமாகவே வந்தது. அவர் வழி சொன்னார், அவர் வாயிலிருந்தும் வந்தது. இதை நான் பார்த்து என்ன ஆகப்போகிறது?

உள்ளே ஒரு தோடர் வீட்டு அம்மாள் பூவேலை செய்த சால்வை வைத்திருந்தாள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். நம் புத்தி எங்கே போகும்? உடனே திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். “தனம், இதப் பாரேன். முடிச்சே தெரியல” என்றேன்.

“யார்கிட்டப் பேசறீங்க?” என்று அந்த அம்மாள் கேட்டாள்.

சால்வையை மடித்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். தறியில் பேசின பழக்கம். கண் இழையில், பேச்சு மட்டும் வலப்பக்கம். இருபத்திரண்டு வருடம் நாம் குடித்தனம் பேசியதெல்லாம் அப்படித்தானே? செல்வி பிறக்கப்போகிற சேதியைக்கூட நீ கரை நாடாவைத் தள்ளிக்கொண்டேதான் சொன்னாய்.

ஏரிக்குப் போனேன். சுற்றிலும் மலை, மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாய் நின்றன. படகில் ஏறி உட்கார்ந்தேன். “ஐயா, நடுவுல உக்காருங்க, போட் சாயுது” என்றார் படகுக்காரர். பார்த்தால், உனக்கு வலப்பக்கம் இடம் விட்டு இடது ஓரமாய் உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. நகர்ந்து உட்கார்ந்தேன்.

துடுப்புப் போடுகிறவர் நமக்கு எதிரே, நம் முகத்தைப் பார்த்துத்தான் உட்காருவாராம். பாதி ஏரி போவதற்குள், “வீட்ல யாராச்சும் தவறிட்டாங்களா ஐயா?” என்று கேட்டார்.

“எப்படிப்பா தெரிஞ்சுது?”

“எதுக்கால தானே உக்காந்திருக்கேன். மூஞ்சி சொல்லுதே.”

அவ்வளவுதான். அந்த மனிதர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். அவர் துடுப்பை நிறுத்திவிட்டார்.

உனக்குத் தெரியும் நான் எதற்கு அழுதேன் என்று. கடைசிப் புடவையில் கரை தளர்ந்தது. “இன்னாடி, தூங்கிக்கினா நெய்யுற?” என்றேன். “அசதியா இருக்குது மாமா” என்றாய். நான்கு விரற்கடை நெய்ததைப் பிரித்துத் திரும்பப் போட வைத்தேன். நாலாம் நாள் நீ தறியிலேயே சாய்ந்தாய். டாக்டர் உன் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “உடம்புல ரத்தமே இல்ல. மூஞ்சியெல்லாம் இப்படி வெளுத்திருக்குதே, பக்கத்துல இருந்தவங்க பாக்கலையா?” என்றார். பக்கத்தில்தான் இருந்தேன். கரையைப் பார்த்தேன், தனம். உன்னைப் பார்க்கவில்லை.

செல்வியைப் பார்த்துக் கத்தினது உன் இடம் போய்விடுமே என்றா? அப்படித்தான் அவள் நினைத்தாள், நானும் நினைத்தேன். இல்லை. அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்காமல் விட்டுவிடுவேனோ என்ற பயம். படகிலிருந்து இறங்கும்போதுதான் எனக்கே அது தெரிந்தது.

நேற்று வீடு வந்து சேர்ந்தேன். “உக்காரு. ஆனா ஒரு முழத்துக்கு ஒரு வாட்டி நாடாவை வெச்சிட்டு என் பக்கம் திரும்பணும்” என்றேன்.

“எதுக்கு நைனா?”

“உன் மூஞ்சியப் பாக்கணும்.”

“என் மூஞ்சில இன்னா இருக்குது?” என்று சிரித்தாள்.

நாளைக்கு உன் இடத்தில் உன் மகள் உட்காருகிறாள். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், தனம். இனி கரை தளர்ந்தால் முதலில் அவள் முகத்தைப் பார்ப்பேன். புடவையை அப்புறம் பார்ப்பேன்.

காலம் கடந்து உன் பக்கம் திரும்பிய,
உன் அத்தை மகன்
ஏகாம்பரம்