பின் சீட்டில் உட்காருகிற காரணம்

காங்கேயம்
திங்கட்கிழமை

அன்புள்ள கயலுக்கு அப்பா எழுதுவது.

நீ அந்த ஐம்பது மைல் தூரத்து ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, தங்குகிற அறையிலிருந்து நடந்தே போகிற இடத்தில் வேறு வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று மாப்பிள்ளை சொன்னார். இங்கே நானும் அம்மாவும் நலம், அந்தச் செய்தி வந்ததிலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே நலம். நீ ஃப்ரீவே என்கிற அந்தப் பெரிய ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாமல் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டதிலிருந்து அரைச் சாப்பாடு சாப்பிட்ட அம்மா, நேற்று கொள்ளுப் பருப்பு கடைந்து இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

அது நடந்த அன்று போனில் நான் பேசியது தப்பு. பக்கத்து வீட்டுக் கிட்டுசாமி மருமகள் கூட அங்கே அமெரிக்காவில் ஓட்டுகிறாள், உனக்கென்ன என்று கேட்டேன். ஷிப்டுக்கு நேரமாச்சுங்கப்பா என்று வைத்துவிட்டாய். அந்த ஷிப்டுக்கும் அதே ரோட்டில்தான் போயிருப்பாய் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. உன் பங்கிலும் ஒரு தப்பு உண்டு. மூன்று மாதத்துக்கு ஓர் ஊர் என்று மாறிப் போகிற நர்ஸ் வேலையில் சம்பளத்தை மட்டும் பார்த்து ஒத்துக்கொண்டாய். கொப்பரை வாங்கும்போது நான் விலைக்கு முன்னால் கேட்பது, சரக்கு எந்த இடத்தில் கைக்கு வரும் என்பதைத்தான். இந்த முறை நீயும் கேட்டிருக்கிறாய். எனக்கு ஃப்ரீவேயில் ஓட்டப் பயம், நடக்கிற தூரத்தில் இருந்தால் பேசலாம் என்று வேலை பார்த்துக் கொடுக்கிற ஏஜென்சிக்காரியிடம் எடுத்த எடுப்பிலேயே சொன்னாயாம். அவள் சிரிக்கவில்லையாம், இந்த மாதத்தில் இப்படிக் கேட்கிற நாலாவது ஆள் நீ என்றாளாம். பயம் என்று நீ நேராகச் சொன்னாயே, முப்பது வருஷ வியாபாரத்தில் எனக்கு வராத பேச்சு அது.

ஏன் என்று சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம்தான் என் முதல் வேனை வாங்கினேன், லைசென்ஸும் எடுத்தேன். கொப்பரை ஏற்றிக்கொண்டு கரூர் போகையில் எதிரே ஒரு பஸ் என் பக்கமே ஏறி வந்தது. இடிக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெள்ளகோவில் தாண்டி ஓரங்கட்டியவன் மறுபடி சாவியைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த நம் கந்தசாமிதான் வந்து பார்த்தான். வண்டிக்கு ஒண்ணுமில்லீங்களே என்றவன், என் கையைப் பார்த்துவிட்டு, சரி, வண்டி நின்னு போச்சுன்னு சொல்லிக்கலாமுங்க, தள்ளி உக்காருங்க என்றான். அன்றிலிருந்து அவன்தான் டிரைவர். முதலாளி பின் சீட்டில் போவது கௌரவம் என்று ஊர் நினைத்தது, நானும் துண்டைச் சரிசெய்துகொண்டு அப்படியே இருந்துவிட்டேன். நேற்றுதான் அம்மாவிடம் சொன்னேன். அது எனக்கு எப்பவோ தெரியுமுங்க, எதிர்க்க டிராக்டர் வந்தாலே கண்ணை மூடிக்கறீங்களே என்றாள்.

கிட்டுசாமி மகன் கிரீஷ் அங்கே இர்விங் ஊருக்குத் திரும்புகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தோடு பருப்புப் பொடியும் நம் செக்கு எண்ணெயும் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிற கால், எண்ணெயைக் காலுக்கும் தேய். ஷிப்ட் முடியும்போது இருட்டிவிடும், சிக்னலில் மட்டும் ரோட்டைக் கடக்கவும். நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று சிவன்மலை முருகனுக்கு அம்மா வேண்டியிருக்கிறாள், என் ஆசீர்வாதமும் அதோடு.

வாய்ப்பேச்சை எழுத்தில் வைப்பது என் வழக்கம். நேற்று போனில் நாம் ஒத்துக்கொண்டது: பதின்மூன்று வாரம், பகல் ஷிப்ட், பழைய வேலையைவிட வாரத்துக்கு முந்நூறு டாலர் குறைவு, அதைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. லீவு நாளில் மாப்பிள்ளை பக்கத்தில் இருக்க, தெருவுக்குள் மட்டும் ஓட்டிப் பழகுவாய், முடியவில்லை என்றால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுவாய். கடைசி ஒன்றை இப்போது நான் சேர்க்கிறேன். நீ வேலைக்கு நடந்து போவாய், நான் பின் சீட்டில் போவேன், ஏன் என்று யார் கேட்டாலும் இரண்டு பேரும் பயம் என்றே சொல்லுவோம்.

உன் அப்பா
திருமூர்த்தி