பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து சுற்றும் வண்டி

அண்ணே,

புது வண்டியின் இருக்கையில் கடை வாசனை இன்னும் போகவில்லை. இன்று மாலை திண்டிவனத்துக்குத் திரும்பி, மருந்துப் பெட்டியை இறக்கக் கதவைத் திறந்தபோது அதோடு ஏரிச் சேற்றின் வாசனையும் சேர்ந்து வந்தது. டயர் இடுக்கெல்லாம் களிமண். கழுவட்டுமா என்று புது டிரைவர் கேட்டார். இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

பதினொரு வருடம் நம் அறக்கட்டளையின் ஜீப்பை நீங்கள் ஓட்டினீர்கள். மடியில் தடுப்பூசிப் பெட்டியோடு நான் பக்கத்தில் இருந்தேன். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். ஆனாலும் முதல் நாளிலிருந்தே நான் உங்களுக்கு சிஸ்டர், நீங்கள் எனக்கு அண்ணன். மல்லாட்டைச் செடி நிற்கும் கொல்லைகளின் நடுவே போகும்போதெல்லாம் வண்டிப் பேச்சுதான். நம்முடைய பழைய ஜீப்பில் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் கீழே இறங்கி, முன் சக்கரத்தின் நடுவிலிருக்கும் பூட்டைக் கையால் திருப்ப வேண்டும். அதற்கடுத்து கம்பெனி விட்ட மாடலில் இறங்க வேண்டாம், உட்கார்ந்தபடியே லீவரைப் போட்டால் போதும். உங்களுக்கு இது பெரிய அதிசயம். "எனக்கு எதுக்கு அண்ணே இதெல்லாம், ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்பேன்.

அந்த மழை நாளோடு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

பனமலைப் பக்கத்து ஊரிலிருந்து போன் வந்தது. நம் பதிவேட்டில் இருந்த கர்ப்பிணி செல்விக்கு எட்டு மாதத்திலேயே வலி. ஆம்புலன்ஸ் ஏரிக்கரை உடைப்புக்கு அந்தப் பக்கம் போக முடியாமல் நின்றுவிட்டது. நாம் போனோம். போகும்போது உடைப்பைக் கடந்துவிட்டோம். அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வண்டி சரிந்தது. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் எதிர்ப்பக்கத்துச் சக்கரமும் தரை தொடாமல் சும்மா சுற்றின. மண்ணில் பதிந்திருந்த மற்ற இரண்டும் அசையவே இல்லை. தொடையளவு தண்ணீரில் இறங்கிச் சாக்குகளையும் பனை ஓலையையும் சக்கரத்தடியில் திணித்தீர்கள். அதில் முக்கால் மணி நேரம் போயிற்று. குழந்தை வண்டியிலேயே பிறந்தது. ஆண் குழந்தை. அழவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். கடைசிவரை அழவில்லை.

மறுநாள் நீங்கள் சாப்பிடவில்லை. "நாலு சக்கரமும் இழுக்குதுன்னுதான் பேரு சிஸ்டர். ஒண்ணு தூக்கிக்கிச்சுன்னா இருக்கிற சக்தியெல்லாம் அதுக்கே போயிடுது. பின்னாடி ரெண்டு சக்கரத்தையும் சேத்துப் பூட்டற லாக் இருந்திருந்தா ரெண்டும் சேந்து சுத்தியிருக்கும், ஏறி வந்திருப்பேன்" என்றீர்கள். சீக்கிரம் போயிருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. அன்று அதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள், ஆனால் ஏற்கவில்லை.

அதன்பிறகு புது மாடல் ஜீப் எங்கே நின்றாலும் விடமாட்டீர்கள். திருவக்கரையில் பௌர்ணமிக் கூட்டத்துக்கு முகாம் போட்டிருந்தோம். கோயிலுக்கு வந்த யாரோ ஒருவரின் புது வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்துவிட்டீர்கள். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள்தான். வண்டிக்காரர் அர்ச்சனைத் தட்டோடு ஓடி வந்தார்.

"யோவ்! வண்டிக்கு அடில இன்னாய்யா பண்ற?"

"லாக் இருக்குதான்னு பாத்துக்கினு இருக்கேன் சார். ஒரு நிமிஷம்."

நான் வெட்கத்தில் மருந்துப் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அரை மணி கழித்துப் பார்த்தால், அந்த மனிதரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உங்களோடு கீழே குனிந்திருந்தார். தன் வண்டியில் அது இல்லை என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. திரும்பும் வழியில் நீங்கள் சொன்னீர்கள்: "ஒரே மூஞ்சி சிஸ்டர், வயிறுதான் வேற வேற. மேல பாத்து வாங்கிடக் கூடாது."

தை மாதம் ஒரு காலை, குளிக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்று உங்கள் மனைவி சொன்னார். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உங்களுக்குப் பிறகு கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் டிரைவராக வந்தார். வளைகுடாவில் மணல்மேட்டில் வண்டி ஓட்டியவர். பழைய ஜீப்பை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இத வெச்சா இத்தினி நாள் ஓட்டுனாரு?" என்று மட்டும் கேட்டார். சித்திரையில்தான் அறக்கட்டளை புது வண்டி வாங்க முடிவு செய்தது. செயலாளர் ஐயா ஒன்றைப் பார்த்தே வைத்திருந்தார். நீங்கள் திருவக்கரையில் பார்த்த அதே மூஞ்சி, அதே உயரம், வெள்ளை நிறம், உள்ளே பெரிய திரை. உடனே கிடைக்கும். என்னையும் பாயையும் விழுப்புரம் ஷோரூமுக்கு அழைத்துப் போனது, பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கத்தான்.

அந்த முகத்தை மட்டும் நான் நம்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சேலையோடு அந்தப் பளபளத்த தரையில் படுத்தேன். ஐயா பதறிப்போனார். "சிஸ்டர், இன்னாம்மா இது! எல்லாரும் பாக்கறாங்க, எழுந்திருங்க!" முன் சக்கரங்களுக்கு நடுவே பார்த்தேன். இழுவையை அங்கே கொண்டுபோகும் ஷாஃப்ட்டே இல்லை. பாயும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

"இது பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. நம்ம பழைய ஜீப்புகூட இதுக்கு மேல" என்று எழுந்து சொன்னேன்.

விற்பனையாளர் மறைக்கவில்லை. ஆமாம் மேடம் என்று சொல்லி மற்றவற்றையும் காட்டினார். விலை கூடியதில் நான்கு சக்கரமும் இழுக்கும், ஆனால் லாக்குக்குப் பதிலாக, சும்மா சுற்றுகிற சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்துகிற ஏற்பாடுதான். நடு விலையில் இருந்த ஒன்றுக்குத் துணி இருக்கை, திரை கிடையாது. ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும், சேற்றில் மெதுவாகப் பலமாக இழுக்க லோ கியர் லீவர் உண்டு, முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி உண்டு, பின் அச்சில் நிஜமான இரும்பு லாக் உண்டு. "ஏரிச் சேத்துல பிரேக்க நம்பிக்கினு இருக்க முடியாது. இதான்" என்றார் பாய்.

"அதுக்கு நாலு மாசம் ஆகும்" என்றார் ஐயா. "அதுவரைக்கும் என்னா பண்றது?"

"பழைய வண்டில போறோம் ஐயா. தப்பான வண்டிய வாங்கிட்டா பத்து வருஷம் அதுலதான் போகணும்."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று கூட்டங்களில் எழுந்து நின்று பேசினேன். கூட்டத்தில் வாயே திறக்காதவள் என்று நீங்கள் என்னைக் கிண்டல் செய்வீர்களே, அந்த நான்தான். மூன்றாவது கூட்டத்தில் செல்வியின் பேறுகாலப் பதிவேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தேன். ஐயா வெகுநேரம் படித்தார். பிறகு, "நீங்க சொல்ற வண்டியையே எழுதிக்குங்க" என்றார்.

வண்டி ஆவணியில் வந்தது. இன்றுதான் செல்வியின் ஊருக்குப் போனோம். உடைப்பை இன்னும் சரியாகக் கட்டவில்லை, நேற்றைய மழையில் மறுபடி கரைந்திருந்தது. வண்டி அதே மாதிரி சரிந்தது. ஒரு சக்கரம் மேலே எழுந்தது. பாய் பொறுமையாக லாக்கைப் போட்டார். பின் சக்கரம் இரண்டும் ஒன்றாகக் கடித்துப் பிடித்தன. கரை ஏறிவிட்டோம். கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

முகாமுக்குச் செல்வி வந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, ஒன்பது மாதத் தடுப்பூசிக்கு. ஊசி போட்டதும் அது ஊரே கேட்கும்படி அழுதது. அவள் அதைத் தட்டிக்கொடுத்தபடி வண்டியைச் சுற்றி வந்து, சக்கரத்தின் சேற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது மாட்டிக்காதா சிஸ்டர்?"

மாட்டிக்கொள்ளாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"மாட்டும் செல்வி. ஆனா வெளிய வந்துடும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

பாய் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறார், அண்ணே. அவர் வராத நாளில் வண்டி நிற்கக் கூடாது. நாளைக் காலை லோ கியரில் ஆரம்பிக்கிறோம்.