வெயில் படாத மல்லிகா

மே 12, திங்கள்
கத்திரி வெயில். மேனாம்பேடு ரோட்டில் தார் செருப்பில் ஒட்டுகிறது. ஆட்டோவை விற்பது என்று முடிவு. இடுப்பு இனி தாங்காது. நசரத்பேட்டை பாபு எடுத்துக்கொள்கிறான். கல்யாணமான புதுசு. ஒரே ஒரு கண்டிஷன்.

“அண்ணாத்தே, பின்னாடி மல்லிகான்னு ஒட்டிகீதே, அத்த எடுத்துடு. எங்க ஊட்ல பாத்தா வண்டியே வாணாம்னுடுவா.”

“என் பொண்டாட்டி பேருடா அது.”

“அது எங்க ஊட்டுக்காரிக்கு இன்னா தெரியும்?”

மல்லிகாவிடம் சொன்னேன். “ஒட்டும்போது என்னைக் கேட்டியா? எடுக்க மட்டும் கேக்குற” என்றாள்.

மே 13, செவ்வாய்
சோப்பு, இட்லி அரிசி, தைலம் வாங்க வேண்டும்.
இருட்டுகிற நேரத்தில் உரித்தேன். பழைய பிளேடு, கொஞ்சம் மண்ணெண்ணெய். ரேடியம் ஸ்டிக்கர், ஒவ்வோர் எழுத்தாக வந்தது. ஒட்டின புதுசில், பின்னால் வரும் லாரி விளக்கு பட்டதும் மல்லிகா பளீரென்று எரிவாள். லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். பின்சீட்டில் அவள். “உன் பேரைப் பாத்துட்டுக் கூப்புடுறான் பாரு” என்பேன். முதுகில் ஓர் அடி விழும். அந்த அடிக்காகவே லாரிக்கு வழி விடாமல் போவேன்.

மே 14, புதன்
காலையில் வண்டியை வெயிலுக்குத் தள்ளினால், மல்லிகா அப்படியே இருக்கிறாள். ஸ்டிக்கர் இல்லை, பேர் இருக்கிறது. வண்டி முழுக்கச் சாயம் வெளுத்திருக்க, எழுத்து இருந்த இடம் மட்டும் வண்டி வாங்கின அன்றைய மஞ்சள். இத்தனை வருஷ வெயில் அங்கே படவே இல்லை.

பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஒரே வெயிலு. வண்டிய வெளுக்க வெச்சுட்ச்சு, உன்ன கறுக்க வெச்சுட்ச்சு” என்றாள்.

வாட்சைக் கழற்றிக் காட்டினேன். அதற்கடியில் கல்யாண மாப்பிள்ளை கலர். சிரித்துவிட்டாள்.

துணியால் தேய்த்தேன். போகவில்லை. மஞ்சள் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கினேன். திறக்கவில்லை.

மே 15, வியாழன்
பாபு பொண்டாட்டியோடு வந்தான். உச்சி வெயில். அந்தப் பெண் நேரே வண்டிக்குப் பின்னால் போனாள்.

“யாரு மல்லிகா?”

பாபுவுக்கு வேர்த்தது. வியாபாரம் போச்சு என்று நினைத்தேன்.

“நான்தாம்மா” என்று மோரோடு வந்தாள் மல்லிகா. “ஸ்டிக்கர எடுத்தாச்சு. உள்ள வெயில் படல, அதான் போவல.”

அந்தப் பெண் மோரைக் குடித்தாள். மல்லிகாவைப் பார்த்தாள். பாபுவிடம் சொன்னாள்: “இருக்கட்டும். வெயில்லயே நிறுத்து, இதுவும் வெளுத்துடும்.”

சாவியைக் கொடுக்கும்போது பாபுவைத் தனியாக இழுத்தேன்.

“எங்க நிறுத்தினாலும் நெழல்ல நிறுத்துடா.”