ஒல்லியின் பக்கம்

அன்புள்ள மூத்தவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அதேபோல இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உடம்புக்கு என்றுதான் எழுதியிருக்கிறேன், மனசைப் பற்றி எழுதவில்லை, அது அப்புறம் வருகிறது. அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டினீங்களே, நம்ம வீட்டுக்கு ஒண்ணு மாட்டக்கூடாதா என்று படிக்கு ஒரு தரம் கேட்கிறாள். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அந்தச் சந்தோஷத்தில் இரண்டு கிலோ ஏறிவிட்டான், சட்டை பட்டன் போட முடியவில்லை. குட்டி முன்பல் விழுந்து சிரிக்கிற போட்டோவை அம்மா ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறாள், பக்கத்து வீட்டார் யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அதைக் காட்டுகிறாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நான் கத்துவேன், நீ அழுவாய், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், சொல்ல வேண்டியது சொல்லாமலே போகும். அதனால் எழுதுகிறேன். தம்பியிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பச் சொல்கிறேன், தாளைத் தபாலிலும் போடுவேன். அவன் படித்தால் படிக்கட்டும், அவனுக்கும் இது தெரியாது.

லிஃப்ட் மெக்கானிக்குகளுக்காக நான் எழுதினேனே, நம் கையேடு, அதன் மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது. நேற்று பதிப்பகத்திலிருந்து பத்துப் பிரதி கட்டி அனுப்பியிருந்தார்கள். அட்டை நன்றாக இருக்கிறது, படங்கள் முன்பைவிடத் தெளிவு, வயர் எந்தப் பக்கம் போகிறது என்று இப்போதாவது தெரிகிறது. ஆசையாகத் திறந்தால் தலைப்புப் பக்கம், அடுத்து லிஃப்ட் கம்பெனிகள் சங்கத்தின் தலைவர் எழுதிய வாழ்த்துரை. இரண்டு பக்கம். பக்கத்துக்குப் பாதி அவர் போட்டோ. அந்த மனுஷன் லிஃப்டில் ஏறியிருப்பாரே தவிர லிஃப்ட் குழிக்குள் ஒரு நாளாவது காலை வைத்திருப்பாரா, கையில் கிரீஸ் பட்டிருக்குமா. அதுக்குப் பிறகு பொருளடக்கம். நடுவில் இருக்க வேண்டிய சமர்ப்பணப் பக்கத்தைக் காணோம். முதல் பதிப்பிலும் இரண்டாம் பதிப்பிலும் இருந்தது, இதில் இல்லை. கட்டில் இருந்த எல்லாப் பிரதியையும் பிரித்துப் பார்த்தேன், ஒன்றில் இல்லாவிட்டால் இன்னொன்றில் இருக்கும் என்கிற மாதிரி.

எனக்கு வந்த கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை. பஸ் ஏறி நேரே பதிப்பகத்துக்குப் போனேன். அங்கே பக்கம் அமைக்கிற பையன், நல்ல பையன்தான், பாவம், அவனை நிற்க வைத்து ஒரு பாட்டம் திட்டினேன். அவன் ஏதோ கணக்குச் சொன்னான். பெரிய தாளில் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அடிப்பார்களாம், இந்தத் தடவை கடைசியில் இரண்டு பக்கம் மிஞ்சிவிட்டதாம், அந்த இரண்டுக்காக இன்னொரு தாள் போட முடியாதாம், சமர்ப்பணமும் அதன் பின்பக்க வெள்ளையும் சேர்ந்தால் சரியாக இரண்டு, அதைத் தூக்கிவிட்டால் அடக்கமாக வந்துவிடுமாம். அப்படியானால் அந்த வாழ்த்துரையும் இரண்டு பக்கம்தானே, அதைத் தூக்க வேண்டியதுதானே, யாரைக் கேட்டு என் பக்கத்தில் கை வைத்தீர்கள் என்று மேஜையைத் தட்டினேன். உள்ளேயிருந்து பதிப்பாளரே வந்துவிட்டார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்து, சார், உங்க பொண்ணைக் கேட்டுத்தான் செஞ்சோம் என்றார்.

நீ அனுப்பிய மெயில். அதில் நீ எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன், மறந்திருப்பாய். சரி, அதை எடுத்துவிடுங்கள், அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. அவ்வளவுதான். என் மூக்கு அங்கேயே உடைந்தது. அத்தனை பேர் முன்னால் மேஜையைத் தட்டிவிட்டு அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

யாரும் படிப்பதில்லையா. உனக்கு யார் சொன்னது. உன் ஆராய்ச்சியைப் புத்தகமாகக் கட்டி அனுப்பினாயே, முந்நூறு பக்கத்தில் எனக்கு ஒரு வரியாவது புரிந்ததா. ஆனால் முதல் பக்கத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்று போட்டிருந்தாய். அந்த ஒரு பக்கத்தைப் பால்காரரிடம் காட்டினேன், முடி வெட்டுகிறவரிடம் காட்டினேன், மாடிக்குக் குடிவந்து நாலு நாள்கூட ஆகாதவரிடம் காட்டினேன், அம்மா அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறாள். மீதி முந்நூறு பக்கத்துக்கு உறை இல்லை. தாள் மிச்சம் என்று அதை யாராவது பிய்த்திருந்தால் நீ சும்மா இருந்திருப்பாயா. புத்தகக் கடையில் போய் நின்று பார், கையில் எடுக்கிறவர்கள் விலையைப் பார்ப்பார்கள், அடுத்து அந்தப் பக்கத்தைத்தான் திறப்பார்கள். மற்ற எல்லாப் பக்கமும் ஊருக்கு எழுதியது, அது ஒருத்தருக்கு எழுதியது. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கலாம் என்று பகிரங்கமாக விட்டால் யார் படிக்காமல் இருப்பார்கள். நான் வேலை கற்ற காலத்தில் மோட்டார் பற்றி ஒரு தடிப் புத்தகம் வைத்திருந்தேன், அதை எழுதியவர் என் மூன்றாவது மகளுக்கு, அவள் ஒருத்திதான் இதைத் திறக்க மாட்டாள் என்று போட்டிருந்தார். மோட்டார் பாடம் பாதி மறந்துவிட்டது, அந்த மகள் திறந்தாளா இல்லையா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

நம் புத்தகத்துக்கே வருகிறேன். இந்தப் பதினாலு வருஷத்தில் முகம் தெரியாத மெக்கானிக்குகள் எத்தனையோ பேர் போன் செய்திருக்கிறார்கள். பிரேக் பற்றிக் கேட்பார்கள், கேபிள் பற்றிக் கேட்பார்கள், வைக்கும்போது கொஞ்சம் தயங்கி, அண்ணே, முன்னாடி போட்டிருக்கே, அந்த ஒல்லி யாரு என்பார்கள். நான் சொல்வேன். ஒருத்தர் மறுநாளே திரும்பக் கூப்பிட்டு, கடைக்குப் போய் எனக்குன்னு ஒரு பூட்டு வாங்கிட்டேன் என்றார். ஆறாம் அத்தியாயம் முழுக்கப் பூட்டைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன், பன்னிரண்டு பக்கம், படத்தோடு. அதைப் படித்து யாரும் எனக்குப் போன் செய்து பூட்டு வாங்கினேன் என்று சொன்னதில்லை.

முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் சொன்னேன், உனக்குச் சொல்லவில்லை. அந்த மெயிலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அதுதான் உறைத்தது. என் மேலும் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் உன் மேல் இருக்கிற கோபம் அதனால் குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

தையல் அத்தையை உனக்குத் தெரியும், பத்தாவது வரைக்கும் உன் பள்ளிச் சீருடை எல்லாம் அவள் தைத்ததுதான், வளர்ற பொண்ணு என்று மடிப்புக்குள் துணி விட்டுத் தைப்பாள். அவள் வீட்டுக்காரர் வேலையில் இறந்துபோனவர் என்றும் தெரியும். அவரைத்தான் நாங்கள் ஒல்லி என்று கூப்பிடுவோம். எனக்கும் அவனுக்கும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வீடு காலிங் பெல் அடிக்க விடுவானே, உனக்கு ஞாபகம் இருக்காது, அப்போது உனக்கு நாலு வயசு.

லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் வெளியே வந்து திறக்கிறவரைக்கும் யாரும் கரண்ட் கொடுக்க முடியாது. ஒருத்தன் பூட்டை இன்னொருத்தன் இரவல் வாங்குவதும் கிடையாது, கொடுப்பதும் கிடையாது. அன்றைக்கு ஒரு ஏழு மாடிக் கட்டடம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு லிஃப்ட், இடது எனக்கு, வலது அவனுக்கு. நான் என் பூட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போய் எடுத்துவர ஒரு மணி நேரம் ஆகும், சூப்பர்வைசர் கத்துவார் என்று சோம்பல். நான்தான் கேட்டேன். அவன் கொடுத்தான். நீ போட்டுக்க, நான் அட்டை மாட்டிக்கிறேன் என்றான். வேலை நடக்கிறது, தொடாதே என்று எழுதிய அட்டையை அவன் சுவிட்சில் மாட்டிவிட்டு இறங்கினான். மேல் வீட்டுக்காரர்கள் லிஃப்ட் வரவில்லை என்று சத்தம் போட்டிருக்கிறார்கள், கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் வந்து அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டுவிட்டார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். எனக்குக் கேட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

விசாரணையில் அட்டையைக் கழற்றினவர் குற்றம் என்று முடித்தார்கள். ஒல்லியின் பூட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். தையல் அத்தையிடம் பதினேழு வருஷம் சொல்லவில்லை, வாசல்வரை போவேன், உன் சீருடைத் துணியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்தக் கையேட்டை நான் எழுதியதே அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். முதல் பிரதியை அவளிடம்தான் கொடுத்தேன். அதில் இருந்ததை உனக்கு எழுதுகிறேன், நீ கவனித்துப் படித்திருக்க மாட்டாய்.

ஒல்லிக்கு.
அன்று உன் பூட்டு என்னிடம் இருந்தது.

அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அதைப் படித்தாள், திரும்பவும் படித்தாள். புத்தகத்தை மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள். ஒரு மாதம் கழித்து அவளே நம் வீட்டுக்கு வந்தாள், அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பும்போது என்னிடம், அச்சுல போட்டுட்டீங்கண்ணா, இனிமே யாராலயும் இல்லைன்னு சொல்ல முடியாது, அது போதும் என்றாள். இரண்டாம் பதிப்பு வந்தபோதும் முதலில் அவளுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், கையில் வாங்கியதும் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தாள்.

நேற்று கட்டு வந்தபோது நான் வீட்டில் இல்லை. அம்மா வழக்கம்போல ஒரு பிரதியை எடுத்துத் தம்பியிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள், உள்ளே பார்க்கவில்லை. பதிப்பகத்திலிருந்து வந்த கையோடு நான் அத்தை வீட்டுக்கு ஓடினேன். அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைப்புப் பக்கத்தையும் வாழ்த்துரையையும் இரண்டு விரலில் பிடித்து நகத்தால் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் ஒட்டிக்கிட்டு இருக்கும்னு பாத்தேன் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், அப்போ அது நடக்கலைன்னு ஆயிடுச்சாண்ணா என்று கேட்டாள்.

பதினாறு பக்கக் கணக்கை அவளிடம் எப்படிச் சொல்வேன். என் மகள்தான் எடுக்கச் சொன்னாள் என்று சொல்வேனா. எனக்கு அழுகை வந்துவிட்டது, எழுந்து வந்துவிட்டேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். ஐந்நூறு பிரதிதான் கட்டி வெளியே போயிருக்கிறது, மீதி ஆயிரத்து ஐந்நூறும் பைண்டரிடம் தாளாகக் கிடக்கிறது. இன்று காலை அவரைப் போய்ப் பார்த்தேன். ஒற்றைத் தாளாக அடித்துக் கொடுத்தால் தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் ஒட்டித் தைத்துத் தருகிறேன், வெள்ளிக்கிழமைவரை கட்டாமல் வைத்திருக்கிறேன் என்றார். பதிப்பாளர் முடியாது என்று சொல்லவில்லை, ஆனால் இந்தப் பதிப்பின் எல்லாப் பொறுப்பும் மகளுக்கு என்று கையெழுத்துப் போட்டது நான்தானே, உங்க பொண்ணுகிட்டருந்து மெயில் வந்தா செய்யறேன் என்கிறார். இன்றைக்கே எழுது. யாரும் படிப்பதில்லை என்று நீ எழுதியதற்கு மன்னிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். அந்த இரண்டு வரியையும் நீயே உன் கையால் அடித்து அனுப்பு, அடிக்கும்போது வாய்விட்டுப் படி. வாழ்த்துரை வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அம்மா அடுக்களையிலிருந்து பொண்ணுகிட்ட ரொம்பக் கோவிச்சு எழுதாதீங்க என்று நாலாவது தடவையாகச் சொல்கிறாள். கோபம்தான், மறைக்கவில்லை, அதற்காக நீ எனக்குக் குறைந்தவள் இல்லை. நீ நன்றாக இரு, மாப்பிள்ளை நன்றாக இருக்கட்டும், குட்டிக்கு எங்கள் முத்தமும் ஆசியும். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. வெள்ளிக்கிழமை என்று சொன்னதை மறந்துவிடாதே. தையல் அத்தை கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை, பதில் உன்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா